சைட்டில் போட்டது ஊருக்கு

1. மெயில் நின்ற காலை

கம்ப்யூட்டரைத் திறந்ததும் சிவப்புப் பட்டையில் ஒரு வரி நின்றது. உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, புகார்கள் அளவுக்கு மீறி வந்துள்ளன என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மொத்தமாக மெயில் அனுப்பிக் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் எங்கள் லாட்ஜின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். ஆனி மாசம் பிறந்திருந்த நேரம். அடுத்தது ஆடி. திருத்தணியில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு தீபாவளி, பொங்கல் எல்லாம் ஆடிக் கிருத்திகைதான்.

நான் அந்த லாட்ஜில் ஃப்ரண்ட் ஆபீஸ் பார்த்தவள். மணவூரில் ரயிலேறி திருத்தணியில் இறங்கி, மலையடிவாரம் வரை நடந்து போய் வேலை பார்த்தேன். ரூம் போடுவது, சாவி கொடுப்பது, சுடுதண்ணீர் வரவில்லை என்று கீழே இறங்கி வருகிறவர்களைச் சமாளிப்பது, கஸ்டமர்களுக்கு மெயில் அனுப்புவது எல்லாம் என் தலையில். இப்போது ஓய்வில் இருக்கிறேன். லாட்ஜ், மண்டபம், துணிக்கடை என்று சின்ன வியாபாரங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் ஒன்று கேட்பதுண்டு. மெயில் அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகிறது, அதை விட்டுவிட்டு வெப் ஃபீட் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று. எங்கள் லாட்ஜ் அதைச் செய்து பார்த்தது. அதனால் எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை.

கணக்கு பூட்டியதற்குக் காரணம் தேட வெளியே போக வேண்டாம். காரணம் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தார். எங்கள் முதலாளி பாஸ்கர் சார் நல்ல மனுஷர். கஸ்டமர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'வாங்க வாங்க' என்று எழுந்து வருகிறவர். ஆனால் கையில் ஒரு பட்டன் கிடைத்தால் அழுத்திப் பார்க்காமல் இருக்க மாட்டார். மெயில் அனுப்புவது ஒரே க்ளிக் என்று தெரிந்ததிலிருந்து வாரா வாரம் ஆஃபர். செவ்வாய்க்கிழமை ஆஃபர், அமாவாசை ஆஃபர், மழைக்கால ஆஃபர். எப்போதோ ஒரு தடவை மொட்டை போட வந்து அரை நாள் தங்கினவருக்கும் அது போகும். அவர் எத்தனை மொட்டைதான் போடுவார்? ஸ்பேம் என்று அழுத்தினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"நம்ம கஸ்டமரே நம்மள போட்டுக் குடுத்துட்டானுங்களா மேடம்?" என்று கேட்டார் பாஸ்கர் சார். அவருக்கு உண்மையாகவே வலித்தது.

"தெனமும் கதவத் தட்டினா யாரா இருந்தாலும் நாயத்தான் அவுத்து வுடுவாங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

2. சம்பத் சார் கேட்டது

ஃபீட் என்ற சொல் எங்கள் லாட்ஜுக்குள் முதலில் வந்தது ஒரு கஸ்டமர் வாயிலாகத்தான். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ரிட்டயரான சம்பத் சார், மாசக் கிருத்திகை தவறாமல் மலைக்கு வருகிறவர். கணக்கு பூட்டுவதற்கு முன்பே ஒரு நாள் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"ஏம்மா, என் பேர அந்த மெயில் லிஸ்டுல இருந்து எடுத்துடு. கோச்சுக்காத. உங்க மேல ஒண்ணும் இல்ல. எனக்கு எப்ப தோணுதோ அப்ப நானே வந்து பாத்துக்கறேன். சைட்டுல ஒரு ஃபீட் வெச்சீங்கன்னா போதும். நான் ரீடர்ல போட்டு வெச்சுக்குவேன். நீங்க என்னாவோ எழுதுங்க, அது அங்க வந்து வுழுந்துகினு இருக்கும். காலையில காபி குடிக்கும்போது பாப்பேன். வேணாம்னா நானே எடுத்துடுவேன், உங்ககிட்ட வந்து கெஞ்ச வேணாம்."

அவர் பேச்சில் ஞாயம் இருந்தது. மெயிலில் நாம் கதவைத் தட்டுகிறோம். ஃபீடில் நாம் வாசலில் பலகை எழுதி வைக்கிறோம், வேண்டியவர் வந்து படித்துவிட்டுப் போகிறார். அவருடைய முகவரிகூட நமக்குத் தேவையில்லை. இதை நான் சொல்லவில்லை, எங்கள் சைட்டைப் பார்த்துக்கொண்ட சுதாகர் சொன்னார். அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். வேலை தெரிந்தவர், வாயும் தெரிந்தவர்.

கணக்கு பூட்டிய அன்றே சுதாகரைக் கூப்பிட்டோம். மெயில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் திறந்துவிடுவார்கள், ஆனால் இனிமேல் ஒழுங்காக இருக்கிறோம் என்று உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்றார். கூடவே ஃபீடைப் பற்றியும் சொன்னார்.

"சார், ஃபீட்ல ஸ்பேம்னு ஒண்ணே கெடையாது. எவனும் உங்க மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்க முடியாது. வேணும்ன்றவன்தான் எடுக்கறான். ரெண்டையும் வெச்சுக்கலாம். மெயில கம்மி பண்ணிட்டு..."

சுதாகர் 'ரெண்டையும்' என்று சொன்னதை நான் கேட்டேன். பாஸ்கர் சார் காதில் அது விழவில்லை. அவர் புகாரைப் பற்றிய வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

"மெயிலே வேணாம். இனிமே ஃபீட்தான். நம்ம மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறவன் வூட்டுக்கு நாம இன்னாத்துக்குப் போணும்? வேணும்னா அவன் வரட்டும்."

ரோஷம் வந்துவிட்டால் எங்கள் முதலாளியிடம் பேசுவது சுவரிடம் பேசுவது மாதிரி.

வாட்ஸ்அப் இல்லையா என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தாகிவிட்டது. ஒரு குரூப் ஆரம்பித்தோம். முதல் வாரம் குட்மார்னிங் படங்கள். இரண்டாம் வாரம் ஒருவர் பாத்ரூம் குழாய் ஒழுகுவதை வீடியோ எடுத்துப் போட்டார். அடுத்த நிமிஷம் எங்கள் ரூமிலும் ஒழுகியது, எங்கள் ரூமிலும் ஒழுகியது என்று ஊரே சாட்சி சொல்ல வந்துவிட்டது. பாஸ்கர் சார் குரூப்பைக் கலைத்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

3. கோணல் குறிகள்

சுதாகர் சைட்டில் ஒரு ஆரஞ்சு நிறச் சின்னம் வைத்தார். மெயில் கணக்கைத் திறக்க வைத்து, கடைசியாக ஒரே ஒரு மெயில் எல்லோருக்கும் அனுப்பினோம். இனி எங்களிடமிருந்து மெயில் வராது, செய்திகளை ஃபீடில் காணலாம், கீழே உள்ள சின்னத்தை அழுத்தவும்.

அழுத்தினார்கள். போன் வர ஆரம்பித்தது.

"மேடம், உங்க சைட்ட எவனோ ஹேக் பண்ணிட்டான். தொறந்தா ஒரே கோணல் கோணலா குறியா வருது."

ஃபீடைப் படிக்கத் தனியாக ஒரு ரீடர் வேண்டும், அது இல்லாமல் திறந்தால் உள்ளே இருக்கிற கோட் அப்படியே தெரியும் என்று விளக்கினேன். "அப்ப இன்னொரு ஆப்பு போடணுமா?" என்பார்கள். ஆமாங்க என்பேன். "செரி, பாக்கறேன்" என்று வைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் 'பாக்கறேன்' என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம். மறுபடியும் சுதாகரைக் கூப்பிட்டு, அழுத்தினால் விளக்கம் வருகிற மாதிரி ஒரு பக்கம் செய்தோம். போன் குறைந்தது. ஆட்கள் கூடினார்களா என்று கேட்டால் தெரியாது.

இந்தத் தெரியாதது எனக்குப் புதிதாக இருந்தது. மெயில் அனுப்பினால் இத்தனை பேர் திறந்தார்கள், இத்தனை பேருக்குப் போய்ச் சேரவில்லை என்று திரையில் வரும். அது முழுக்க நிஜமில்லை என்று சுதாகர் சொல்வார், ஆனாலும் ஏதோ ஒன்று வரும். ஃபீடில் அதுவும் இல்லை. யாரோ வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது சம்பத் சாரா, யாராவது டிராவல்ஸ்காரரா, எங்கேயோ இருக்கிற ஒரு மெஷினா என்று பிரிக்க முடியாது.

"அதான் மேடம் அதுல நல்லதே" என்றார் சுதாகர். "படிக்கறவன் யாருன்னு நமக்குத் தெரியாது. அவனும் நிம்மதியா இருப்பான்."

"அவன் நிம்மதியா இருப்பான். ரூம் யாருக்குப் போட்டு வெக்கறதுன்னு எனக்குத் தெரியணுமே" என்றேன்.

4. மேல் மாடி

எங்கள் லாட்ஜின் மேல் மாடி முழுவதும் ஆடிக் கிருத்திகைக்கு ஒரே குழுவுக்குத்தான் போகும். பள்ளிப்பட்டு தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள். கரும்பும் மாவும் பயிரிடுகிற குடும்பங்கள். அவர்களுக்குத் தலைவர் முனிரத்தினம். வீட்டில் தெலுங்கு, சாமியிடம் தமிழ். எல்லோரும் அவரை நைனா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். பாஸ்கர் சாரின் அப்பா லாட்ஜைக் கட்டிய வருஷத்தில் முதல் ரூம் எடுத்தவர் அவர்தான். காவடி கிளம்பும்போது லாட்ஜ் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் படியேறப் போவார்கள். அந்தக் கற்பூரம் ஏற்றினால்தான் பாஸ்கர் சாருக்கு அந்த வருஷம் ஆரம்பித்த மாதிரி. தன் அப்பாவே வந்து நிற்பது போல இருக்கும் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை, அதனால் எனக்கு மறக்கவில்லை.

லாட்ஜைக் கட்டிய பெரியவர் காலத்தில் அச்சடித்த அழைப்பு தபாலில் போகும். பாஸ்கர் சார் வந்த பிறகு அது மெயிலானது. வாசகம் மாறவில்லை. மேலே பெயர், கீழே 'ஆடிக் கிருத்திகைக்குத் தாங்கள் குழுவினருடன் வந்து தங்கி எங்களைச் சிறப்பிக்க வேண்டும்' என்று ஒரு வரி. ஆஃபர் மெயில் எல்லாம் எந்திரம் அனுப்பும். இதை மட்டும் பழைய கஸ்டமர்களுக்கு ஒவ்வொரு பெயராக நான் அடித்து அனுப்புவேன். முனிரத்தினம் நைனாவிடம் இருந்தது பட்டன் போன். அவருடைய மெயில் ஐடி அவர் ஊர் ஜெராக்ஸ் கடையில் இருந்தது. அங்கிருந்து ஒரு வார்த்தை பதில் வரும்: வஸ்தாம். வருகிறோம் என்று அர்த்தம். அந்த வார்த்தை வந்தால் மேல் மாடி சாவிகளை எடுத்துத் தனிக் கொக்கியில் மாட்டிவிடுவேன். அட்வான்ஸ் கேட்டதில்லை.

அந்த வருஷம் அழைப்பு மெயிலும் போகவில்லை. மெயிலே வேண்டாம் என்றால் அதுவும் மெயில்தானே என்று பாஸ்கர் சார் சொல்லிவிட்டார். அதே வாசகத்தைப் பெயர் இல்லாமல் ஃபீடில் போட்டோம். 'அனைவரும் வருக.' நைனாவுக்குப் பதில் எழுத வழி இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எப்படியும் வருகிறவர்கள்தானே, ஆடிக் கிருத்திகை என்றைக்கு என்று காலண்டரில் இல்லையா என்று நினைத்துக்கொண்டேன். சாவிகள் அவற்றின் இடத்திலேயே தொங்கின.

ஆனி முடிகிற சமயம் சென்னையிலிருந்து ஒரு டிராவல்ஸ்காரர் வந்தார். ஃபீடைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். சுதாகர் சொன்னது பொய்யில்லை, ஃபீட் வேலை செய்திருக்கிறது. அவர் கேட்டது மேல் மாடி.

"இந்த வருஷம் மட்டும் இல்ல சார். வருஷா வருஷம் ஆடிக்கு எனக்கே குடுத்துடுங்க. எழுதிக்கலாம். நாளைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா நான் பஸ் புக் பண்ணிடுவேன்."

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். "நைனா ஒண்ணும் சொல்லலியா?"

"வார்த்தை வரல சார்."

"வருவாங்களா மாட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் குழு இனி எங்கள் வாசலுக்கு வராது, அது மட்டும் தெரிந்தது. டிராவல்ஸ்காரரை டிபன் சாப்பிட அனுப்பிவிட்டு நைனாவுக்குப் போன் போட்டேன்.

5. எனக்குப் போட்டியா?

"ஆங், சொல்லும்மா" என்றார். குரல் மரியாதையாக இருந்தது. எப்போதும் அவர் என்னிடம் மரியாதையாகப் பேச மாட்டார், உரிமையாகத்தான் பேசுவார்.

"நைனா, ஆடிக் கிருத்திகைக்கு வரீங்க இல்ல? மேல் மாடிய வெச்சுகினு இருக்கோம்."

"சாமிய பாக்க வராம இருப்போமா? வரோம். தங்கறதுக்குத்தான் வேற எடம் பாத்துகினு இருக்கோம்."

"ஏன் நைனா? எங்ககிட்ட ஏதாச்சும் கொறையா?"

"கொற ஒண்ணும் இல்ல. இந்த வாட்டி நீங்க கூப்பிடல. வேற யாருக்கோ குடுக்கப் போறீங்க போல, சொல்றதுக்குச் சங்கடப்படுறீங்கன்னு நாங்களா ஒதுங்கிகினோம்."

"சைட்டுல போட்டிருக்கோமே நைனா. எல்லாரும் வாங்கன்னு."

"ஜெராக்ஸ் கடைக்காரன் காட்டினான். பாத்தேன். அது ஊருக்குப் போட்டது. எனக்குப் போட்டியா?"

அப்புறம் பேசுகிறேன் நைனா என்று போனை வைத்தேன்.

கல்யாணத்துக்குச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். மாப்பிள்ளை, பெண் படம் போட்டு பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது பந்தியில் போய் உட்காருவார்களா? தேதி தெரியும், மண்டபம் தெரியும், சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதும் தெரியும். வீட்டுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடாத கல்யாணத்துக்குப் போக மாட்டோம். சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் பத்திரிகை வைக்கவில்லை என்றால் சண்டைதான். இது தெரியாதவர்கள் எங்கள் லாட்ஜில் யாரும் இல்லை. சொல்லப்போனால் லாட்ஜோடு சேர்ந்த கல்யாண மண்டபத்திலேயே பத்திரிகைச் சண்டைகளை விலக்கிவிட்டவள் நான். அழைப்பு கம்ப்யூட்டர் திரைக்குள் வந்ததும் எல்லோருக்கும் அது மறந்துவிட்டது. நாங்கள் அனுப்பிய மெயிலில் ஒரு புதுத் தகவலும் இருந்ததில்லை. அதில் இருந்தது அவருடைய பெயர் மட்டும்தான்.

பாஸ்கர் சாரிடம் நைனா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"வண்டி எடுக்கச் சொல்லுங்க மேடம். நீங்களும் வாங்க. வெத்தலபாக்கு, பழம் வாங்கிக்கலாம்."

"டிராவல்ஸ்காரரு டிபன் முடிச்சுட்டு வருவாரு சார்."

"நாளைக்குள்ளதான சொல்லணும். நாளைக்குச் சொல்லலாம்."

6. ஸ்பேமில் இருந்த அழைப்பு

பள்ளிப்பட்டு வழியாகப் போனோம். வழி நெடுக தறிச் சத்தம். வண்டியில் பாஸ்கர் சார் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அப்பா இருந்திருந்தா என்னத் தொலைச்சிருப்பாரு" என்றார்.

நைனா வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். மோர் வந்தது. பாஸ்கர் சார் எழுந்து தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தப்பாயிடுச்சு நைனா. நீங்க வரணும்."

நைனா தட்டை வாங்கிக்கொண்டார். முகம் மலர்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மோரைக் கையில் எடுத்தேன். அப்போது அவர் சொன்னார்.

"பாஸ்கரு, நீ வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா மெயில் அனுப்பிடு."

"நான்தான் நேர்லயே வந்துட்டேனே நைனா?"

"நேர்ல வந்தது என்ன கூப்பிட. குழுவக் கூப்பிட வேணாமா? அந்த மெயில பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, சாமி காலடியில வெச்சுட்டுத்தான் எல்லார் முன்னாலயும் படிப்போம். அன்னிக்குத்தான் காப்புக் கட்டறது. அது வராம எவனுக்கும் நான் காப்புக் கட்ட முடியாது. ஒரு மாசமா பசங்க கேட்டுகினே இருக்கானுங்க, திருத்தணிலேர்ந்து வந்துச்சான்னு."

பாஸ்கர் சாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷம் நான் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே அடித்த இரண்டு வரி, இங்கே சாமி காலடியில் இருந்திருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அதோடுதான் படித்திருப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து என் போனில் ஆபீஸ் ஐடியைத் திறந்து அடித்தேன். முனிரத்தினம் நைனா அவர்களுக்கு. பழைய வாசகம், ஒரு சொல் மாற்றாமல். அனுப்பிவிட்டு எல்லோரும் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தோம். கூடவே தெருவில் பாதிப் பேர்.

கடைக்காரர் திறந்து பார்த்தார். "ஒண்ணும் வரலியே."

பாஸ்கர் சார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

"ஸ்பேம்னு ஒண்ணு இருக்கும், அதத் தொறங்க" என்றேன்.

திறந்தார். எங்கள் செவ்வாய்க்கிழமை ஆஃபர், அமாவாசை ஆஃபர், மழைக்கால ஆஃபர் எல்லாம் வரிசையாக அங்கே கிடந்தன. அவற்றின் தலைமேல் உட்கார்ந்திருந்தது அழைப்பு. பாஸ்கர் சார் அந்த வரிசையை மேலிருந்து கீழே வரை படித்தார்.

பிரிண்ட் வெளியே வந்ததும் நைனா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்காரரைப் பார்த்து, "பதில் போடுடா" என்றார். என் போன் அடித்தது. வஸ்தாம்.

டிராவல்ஸ்காரருக்கு வேறு லாட்ஜில் இடம் பார்த்துக் கொடுத்தோம்.

7. அதற்குப் பிறகு

ஃபீடை எடுத்துவிட்டோமா என்றால் இல்லை. ஆடிக் கிருத்திகை அன்று அது வேலை செய்த மாதிரி மெயில் ஒருநாளும் செய்திருக்காது. மலைமேல் வண்டி விடுகிறார்களா இல்லையா, பார்க்கிங் எங்கே மாற்றியிருக்கிறார்கள், எங்கள் லாட்ஜில் ரூம் காலியா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் சுதாகர் அதில் போட்டுக்கொண்டே இருந்தார். இத்தனையையும் மெயிலில் அனுப்பியிருந்தால் கணக்கு மறுபடியும் பூட்டியிருக்கும். டிராவல்ஸ்காரர்கள் அதைப் பார்த்து பஸ்ஸைத் திருப்பினார்கள். சம்பத் சார் அரக்கோணத்திலேயே உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு நிதானமாக வந்தார். "இப்பதான்மா நீங்க மனுஷங்க மாதிரி நடந்துக்கறீங்க" என்று பாராட்டினார்.

ஆஃபர்கள் ஃபீடுக்குப் போயின. மெயிலில் வருஷத்துக்கு ஒரு அழைப்பு மட்டும், பெயர் சொல்லி, பதில் எழுத இடம் விட்டு. பாஸ்கர் சார் கையிலிருந்து பட்டனை வாங்கிவிட்டோம். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். வேண்டியவர் தானாக வந்து எடுத்துக்கொள்கிற செய்தி இருக்கிறது, அதற்கு ஃபீட். நாம் போய்க் கூப்பிட்டால்தான் வருகிற மனுஷர் இருக்கிறார், அவருக்கு அது ஆகாது. அனுப்புவதற்கு முன்னால், இது எந்த வகை என்று ஒரு நிமிஷம் யோசித்துவிடுங்கள்.

இதை இத்தனை தெளிவாகச் சொல்கிறேனே, ரிட்டயரான அடுத்த வருஷம் எனக்கே அந்த நிலைமை வந்தது. வீட்டில் நானும் ஒரு ரீடர் வைத்திருக்கிறேன். லாட்ஜ் ஃபீடில் ஆடிக் கிருத்திகை வந்தது, அனைவரும் வருக என்று. பார்த்தேன். ஆபீஸ் ஐடி வேலையோடு போய்விட்டது, கஸ்டமர் லிஸ்டில் நான் எப்போதும் இருந்ததில்லை. இத்தனை வருஷம் எல்லோர் பெயரையும் அடித்த எனக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கோபம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் போகவில்லை.

கிருத்திகைக்கு முன்தினம் பாஸ்கர் சார் போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம்.

"இன்னா மேடம், ஆளே காணோம்? நைனா வந்து எறங்கினதுலேர்ந்து உங்கள கேட்டுகினே இருக்காரு."

"நீங்க கூப்பிடலியே சார்."

"ஃபீட்ல போட்டிருந்தோமே, பாக்கலியா?"

"பாத்தேன் சார். அது ஊருக்குப் போட்டது."

மேளம் மட்டும் கேட்டது. "வெச்சுடறேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, ரிட்டயராகும்போது ஆபீஸில் எழுதிக் கொடுத்த என் சொந்த மெயிலைத் திறந்தேன். இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை. ஸ்பேமில் இருந்தது. கல்பனா மேடம் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, நான் வருஷா வருஷம் அடித்த அதே வாசகம். அவரே அடித்திருக்கிறார், இரண்டு இடத்தில் பிழை. தேதியும் இடமும் எனக்குத் தெரிந்ததுதான். பெயரை மட்டும் மறுபடி ஒரு தடவை படித்தேன். பதிலில் வஸ்தாம் என்று அடித்து அனுப்பிவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.